ஒருத்தருக்கும் தெரியாது

கொட்டாஞ்சேனை
11.02.2024

திருமதி ஸீனத் தாஸிம் அவர்களுக்கு,

என்னை உங்களுக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. என் பெயர் மரியகொறற்றி. போன ஓகஸ்ட் மாதம், புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று வாட்டில் அடம்பிடித்துக்கொண்டு கிடந்தவள். தாதி சந்திமா மிஸி உங்களைக் கூட்டிக்கொண்டு வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருத்தினார். "இவங்களுக்கும் சலப்பை எடுத்தது. மூணு வருஷம். பாருங்க, எவ்வளவு லஸ்ஸன, எவ்வளவு வடிவு" என்று சிங்களமும் தமிழுமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நீங்கள் அன்று மயில்நீல அபாயா உடுத்தியிருந்தீர்கள். அத்தர் வாசம். என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நீங்கள் சொன்னது ஒரு சொல் விடாமல் எனக்கு நினைவிருக்கிறது. "நான் பஸ்ஸில போற, ரயில்ல போற, கலியாண வீட்டுக்கெல்லாம் போற. அபாயாக்குள்ள என்ன ஈக்கின்னு யாருக்கு விளங்கும்? ஒருத்தருக்கும் தெரியாது தங்கச்சி."

அடுத்த நாள் காலை நான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது ஆறு மாதம். வயிற்றின் வலது பக்கத்தில், தொப்புளுக்குக் கீழே, ஒரு சிவந்த வாய். அதற்கு மேல் சிறுநீர் சேர ஒரு பை. நான் நித்திரையிலும் நடையிலும் யாருடனும் கதைத்துக்கொண்டு நிற்கும்போதும் அது நிரம்பிக்கொண்டே இருக்கிறது. அடக்கவும் முடியாது, முடுக்கவும் முடியாது. பையைச் சுற்றித் தோல் வெந்துபோய்க் கிடக்கிறது. பை ஒட்டாத நாளில் ஒழுகுகிறது.

நான் புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் பதினெட்டு வருஷமாக நிற்கிறேன். சாறிப் பகுதி. வாடிக்கையாளர் தோளில் சாறியைப் போட்டு, கொசுவம் பிடித்து, கண்ணாடி முன் நிறுத்திக் காட்டுவதில் என்னை மிஞ்சி ஆள் இல்லை என்று முதலாளியே சொல்லுவார். திரும்பிப் போய் ஒன்பதாவது நாள் ஒரு மணப்பெண்ணுக்குக் கூறைச்சாறி விரித்துக்கொண்டு நிற்கும்போது ஒழுகிவிட்டது. சாறியில் பட்டது. இப்போது நான் மேல்மாடியில், களஞ்சிய அறையில் இருக்கிறேன். பெட்டிகளுக்கு இலக்கம் எழுதுகிறேன். யாரும் அங்கே வருவதில்லை.

இதையெல்லாம் விதி என்று பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஸீனத் அக்கா மூன்று வருஷத்தில் எப்படி இருக்கிறா, நானும் அப்படி வருவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன வியாழக்கிழமை கிளினிக்கில் பை எடுக்கிற வரிசையில் ஒரு பிள்ளை எனக்கு முன்னால் நின்றது. கொடுத்த துண்டில் உங்கள் பெயர். மகளா என்று கேட்டேன். ஓம், நப்லா என்றது. உம்மா எப்படி இருக்கிறா, பஸ்ஸில் எல்லாம் போகிறாவா என்று ஆசையாகக் கேட்டேன்.

"உம்மாவா? உம்மா வெளிய போறல்லயே அன்ட்டி. ரெண்டு வருஷமாகுது. கிளினிக்குக்கும் நான்தான் வார. போன வருஷம் யாரையோ வாட்டில பாக்க ஒரு நாள் வெளிக்கிட்ட, அவ்வளவுதான்."

அந்த யாரோ நான்தான்.

விலாசத்தை அவளிடமே வாங்கினேன். தொலைபேசியில் கேட்கலாம்தான். எங்கள் வீடு இரண்டு அறை. மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். இதைச் சத்தமாகக் கதைக்க எனக்கு இடமில்லை.

ஒரே ஒரு கேள்வி. ஏன் எனக்குப் பொய் சொன்னீர்கள்?

மரியகொறற்றி யூஜின்

•

வெள்ளவத்தை
19.02.2024

அன்புள்ள தங்கச்சி கொறற்றிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தோல் வெந்திருப்பதை வாசித்து மனது பதறிவிட்டது. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பையைக் கழற்றியதும் வெறும் வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவுங்கள், சவர்க்காரம் வேண்டாம். நன்றாகக் காயவிட வேண்டும். காலையில் எழுந்ததும், எதுவும் குடிக்க முன்னர், பை மாற்றுங்கள். அந்த நேரம்தான் வரத்துக் குறைவு. ஒட்டும் வளையத்தைக் கைக்குள் கொஞ்ச நேரம் வைத்துச் சூடாக்கினால் நன்றாகப் பிடிக்கும். வெட்டும் துவாரம் பெரிதாக இருந்தால் தோலில் சலம் படும். ஆறு மாதத்தில் அந்த வாய் சுருங்கியிருக்கும், திரும்ப அளந்து வெட்டுங்கள். மணத்துக்கு வினாகிரி கலந்த தண்ணீர். பையில் வெள்ளையாக நூல் நூலாக வந்தால் பயப்படாதீர்கள். குடலில் ஒரு துண்டை எடுத்துத்தானே வழி செய்திருக்கிறார்கள், குடல் தன் வேலையைச் செய்கிறது.

மற்றபடி நப்லா சின்னப்பிள்ளை, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாள். எனக்கு முழங்கால் வருத்தமும் இருக்கிறது. அதனால்தான் வெளியே போவது குறைவு.

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். மகள் பரீட்சை எழுதுவதைப் பார்க்கப் போகிறீர்கள். அல்லாஹ் பெரியவன்.

இப்படிக்கு,
ஸீனத்

•

கொட்டாஞ்சேனை
27.02.2024

ஸீனத் அக்காவுக்கு,

வளையத்தைச் சூடாக்குவது எப்படி என்று நான் கேட்கவில்லை. செய்து பார்த்தேன், பிடிக்கிறது. அதற்கு நன்றி. ஆனால் நான் கேட்டது அது இல்லை.

முழங்கால் என்று எழுதியிருக்கிறீர்கள். வாட்டுக்கு வந்த அன்று மாடிப்படியில் ஏறி வந்தீர்கள். லிப்ட் பழுதாகியிருந்தது.

உங்களுக்குச் சொல்லுகிறேன், வேறு யாருக்கும் சொல்லவில்லை. என் கணவர் யூஜின் நல்லவர். அதுதான் கஷ்டம். ஒரு நாள் முகம் சுளிக்கவில்லை. பையைக் கழுவக்கூட அவரே வருகிறார். ஆனால் என்னை நோயாளியைத் தொடுவதுபோலத்தான் தொடுகிறார். சலப்பையோடு கர்ப்பப்பையையும் எடுத்தார்கள், உள்ளே இன்னும் கொஞ்சத்தையும் எடுத்தார்கள் என்று டொக்டர் சொன்னபோது, நாற்பத்தேழு வயதில் இனி என்னத்துக்கு என்று நினைத்தேன். இப்போது தெரிகிறது. போன வாரம் நானாகவே அவர் பக்கம் திரும்பிப் படுத்தேன். வலித்தது. நான் வாயைத் திறக்கவில்லை, ஆனால் அவருக்கு விளங்கிவிட்டது. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். தண்ணீர்!

இதைப் பற்றியும் நீங்கள் அன்று ஒன்றும் சொல்லவில்லை. ஏன்?

கொறற்றி

•

வெள்ளவத்தை
17.03.2024

கொறற்றி,

இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

முழங்கால் வருத்தம் பொய். நப்லா சொன்னது உண்மை.

இரண்டு வருஷத்துக்கு முன், ஜனவரி மாதம், என் மைத்துனி ஷஹீமாவின் வீட்டிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தேன். தெஹிவளையில் ஏறி வெள்ளவத்தையில் இறங்குகிற ஒரே ஒரு தரிப்பு. வேலை விட்டு வருகிற நேரம், சனம். ஒருவரின் பயணப்பெட்டி மூலை என் வயிற்றில் இடித்தது. பை கழன்றுவிட்டது. அபாயா, செருப்பு, ரயில் தரை எல்லாம். சுற்றி நின்ற அத்தனை சனத்துக்குள்ளும் எனக்கு மட்டும் இடம் கிடைத்தது. அவ்வளவு தூரம் விலகினார்கள். ஒரு பொம்பிளை சிங்களத்தில் தன் பிள்ளையிடம், "அங்கே பார்க்காதே" என்றாள். எங்கள் தொடர்மாடி வீடு வரைக்கும் கடற்கரைப் பக்கமாக நடந்து வந்தேன். அதற்குப் பிறகு வெளியே போவதை விட்டுவிட்டேன்.

என் கணவர் தாஸிம் ஹோலில் படுக்கிறார். முதுகு வலிக்குத் தரைதான் நல்லது என்கிறார். நான் நம்புகிற மாதிரி இருக்கிறேன். தொழுகையைப் பற்றி மவ்லவியிடம் கேட்டுவந்தார். சிறுநீர் நிற்காமல் போகிறவர்களுக்குச் சலுகை இருக்கிறது, ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் புதிதாகக் கை, முகம், கால் கழுவி வுழூ செய்துவிட்டுத் தொழலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மார்க்கம் என்னை விட்டுவிட்டது, என்னாலேதான் என்னை விட முடியவில்லை. முஸல்லா விரிப்பில் நின்றதும் வயிற்றில் அது சூடாக நிரம்புவதுதான் தெரிகிறது. இது நோன்பு மாதம். தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகம் கெடும் என்று டொக்டர் நோன்பு வேண்டாம் என்றுவிட்டார். வீட்டில் எல்லோரும் நோன்பு. நான் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீர் குடிக்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

உங்களுக்கு முன்னர் இன்னொருவர் இருந்தார். கௌரி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வெள்ளவத்தையில்தான் இருந்தவர். வங்கியில் வேலை. முப்பத்தொன்பது வயது, இரண்டு சின்னப் பிள்ளைகள். அவரும் கையெழுத்துப் போடப் பயந்துகொண்டிருந்தார். சந்திமா மிஸி என்னைக் கூப்பிட்டார். ரயிலில் அது நடந்து பத்து நாள்தான். போகவே மனமில்லை, ஒரு புண்ணியம் என்று போனேன். கௌரி என் முகத்தைப் பார்த்து, "அக்கா, ஒளிக்காமச் சொல்லுங்கோ. எப்பிடி இருக்கும்?" என்று கேட்டார்.

நான் ஒளிக்கவில்லை. ரயிலைச் சொன்னேன். தாஸிமைச் சொன்னேன். உங்களுக்கு வலித்ததே, அதையும் சொன்னேன். அவர் அழவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பெரிய உபகாரம் அக்கா" என்றார். அடுத்த நாள் சத்திரசிகிச்சை வேண்டாமென்று துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். யாரோ ஒரு சித்த வைத்தியரிடம் போனார்களாம். பதினொரு மாதம்தான் இருந்தார்.

அவருடைய கணவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். "அக்கா, அவ கடைசி மட்டும் உங்களைத்தான் சொன்னவ. நீங்கள் ஒராள்தான் தனக்கு உண்மை சொன்னது எண்டு. உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னவ."

அந்த நன்றியை நான் எங்கே கொண்டுபோய் வைக்கிறது, சொல்லுங்கள்?

அதனால்தான் உங்களைப் பார்க்க வந்த அன்று நல்ல அபாயாவைத் தேடி எடுத்தேன். ஓட்டோவில் வந்தேன், பஸ்ஸில் அல்ல. சிரிப்பதற்கு வீட்டிலேயே கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொண்டேன்.

மே மாதம் நாலாந் திகதி நப்லாவின் கலியாணம், தெஹிவளையில் ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளையின் பெயர் ஷிஹான். நான் மண்டபத்துக்குப் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். பிள்ளையின் பக்கத்தில் ஷஹீமா இருப்பாள். முடிந்ததும் வீட்டுக்கு வந்து என்னைக் கண்டுகொண்டு போகட்டும். நப்லா அழுதாள். என்ன செய்ய?

அழைப்பிதழ் ஒன்று இதற்குள் வைத்திருக்கிறேன். நான் இல்லாத கலியாணத்துக்கு உங்களைக் கூப்பிடுவது பகிடிதான்.

ஸீனத்

•

கொட்டாஞ்சேனை
06.04.2024

ஸீனத் அக்காவுக்கு,

இரண்டு கிழமையாகப் பதில் எழுதவில்லை. பாதி நாள் காய்ச்சல், கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது என்று நாலு நாள் வாட்டில் வைத்திருந்தார்கள். மீதி நாள் கோபம்.

தபசு காலம் முழுக்க நான் கோயிலுக்குப் போகவில்லை. பெரிய வெள்ளியன்று யூஜினும் மகளும் போனார்கள். நான் கட்டிலில் இருந்துகொண்டு உங்கள் கடிதத்தைத் திரும்பவும் வாசித்தேன். கௌரி கேட்டதுபோல நானும் ஒளிக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன்.

கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

எப்படிச் சுற்றி யோசித்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. ரயிலைச் சொல்லியிருந்தால் அடுத்த நாளே வீட்டுக்கு வந்திருப்பேன். இந்த உயிர்ப்பு ஞாயிறுக்கு நான் இருந்திருக்க மாட்டேன், அல்லது இருந்தும் இல்லாத மாதிரி இருந்திருப்பேன். ஆகவே உங்கள் பொய்யில்தான் நான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன். இது எவ்வளவு எரிச்சலான விஷயம் என்று உங்களுக்கு விளங்குகிறதா? உங்களைத் திட்டக்கூட முடியவில்லை. நன்றி சொல்லவும் வாய் வரவில்லை. அது என் உடம்பு அக்கா. பிழையாகத் தெரிவு செய்தாலும் நான்தான் தெரிவு செய்திருக்க வேண்டும். சில நாள் காலையில் மகள் படிக்கிற சத்தம் கேட்கும்போது, நல்லகாலம் என்று நினைக்கிறேன். மேல்மாடியில் பெட்டிகளுக்கு நடுவில் இருக்கும்போது வேறு மாதிரி நினைக்கிறேன்.

யூஜினுடன் கதைத்தேன். வாட்டிலிருந்து வந்த பிறகு. "எனக்கு நோகுமெண்டு நீங்கள் பயப்பிடுறீங்கள். எனக்கு நோகுறதை விட நீங்கள் பயப்பிடுறதுதான் கஷ்டமா இருக்கு" என்றேன். அவர் அழுதார். முதல் தரம் பார்க்கிறேன். வேறு ஒன்றும் மாறவில்லை. ஆனால் அதன் பிறகு அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தருவதை நிறுத்திவிட்டார்.

இப்போது கலியாணத்தைப் பற்றி. எனக்கு நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். கலியாண வீட்டுக்கெல்லாம் போகிறேன் என்று என்னிடம் சொன்னீர்கள். நான் அதை நம்பி வயிற்றை வெட்டக் கொடுத்தேன். ஒரு கலியாணத்துக்காவது போங்கள். சொந்தப் பிள்ளையின் கலியாணத்துக்கு.

இரண்டு பை கொண்டுபோங்கள், மாற்று உடுப்பும். ஒழுகினால் ஒழுகட்டும்.

நானும் வரப் பார்க்கிறேன். சத்தியம் செய்யமாட்டேன்.

கொறற்றி

•

வெள்ளவத்தை
09.05.2024

அன்புள்ள கொறற்றிக்கு,

மண்டபத்தில் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் யூஜின் தொலைபேசி எடுத்து, நீங்கள் பம்பலப்பிட்டி வரைக்கும் பஸ்ஸில் வந்து, இறங்கித் திரும்பிவிட்டதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து சாறியைக் கழற்றாமலே படுத்துவிட்டீர்களாம். எனக்குக் கவலைதான். ஆனால் நான் உங்களை ஏன் என்று கேட்கமாட்டேன். கேட்கக்கூடியவர்களில் நான் கடைசி ஆள்.

நான் போனேன்.

தாஸிம் நம்பவில்லை. நான் வெளிக்கிட்டு ஹோலில் வந்து நிற்க, "எங்க?" என்றார். "என்ட மகள்ட கலியாணத்துக்கு" என்றேன். அவர் போய்க் கார்க்கதவைத் திறந்துவிட்டார்.

நப்லாவின் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் இருந்தேன். படமெல்லாம் எடுத்தார்கள். இரண்டு தரம் எழுந்து போய்ப் பையை வெறுமையாக்கி வந்தேன். பிறகு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் கலியாணங்களில் ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள், நீங்கள் கண்டிருப்பீர்கள். தோளோடு தோள் முட்டும். அதுதான் எனக்குப் பயம். ஒரு பக்கம் ஷஹீமா. மறுபக்கம் மாப்பிள்ளையின் உம்மா, ஸமீமா. அவவுக்கு என் வருத்தத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நாங்கள்தான் மறைத்தோம், சம்பந்தம் குழம்பிவிடும் என்று. மற்ற மூவரும் அவர்கள் பக்கத்து ஆட்கள்.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். இடுப்பில் சூடாக ஓடியது. உங்களுக்கு அது தெரியும், வேறு யாருக்கும் நான் விளக்க வேண்டியிருக்கும். மணமும் வந்துவிட்டது. எல்லோருடைய கையும் சோற்றில் நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

ரயிலில் நான் குனிந்துகொண்டு நின்றேன். இங்கே எனக்கு ஓட இடமில்லை, பக்கத்து மேடையில் என் பிள்ளை இருக்கிறாள். நான் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்டது. "எனக்குக் கென்சர் வந்து சலப்பையை எடுத்தது. வயித்தில ஒரு பை ஈக்கி. அதுதான் ஒழுகுது. நான் போய் மாத்திட்டு வாறேன்."

ஷஹீமா, "நான் கை கழுவிட்டு வாறேன்" என்று எனக்கு முன்னரே எழுந்தாள்.

மணமகள் அறையில் போய் மாற்றினேன். முதலாவது பை பிடிக்கவில்லை, இரண்டாவதுதான் பிடித்தது. நீங்கள் இரண்டு கொண்டுபோகச் சொன்னீர்கள். அரை மணித்தியாலம் ஆகியிருக்கும். அழுது முடித்து, முகம் கழுவி, வேறு அபாயா உடுத்திக்கொண்டு, பின்வாசலால் வீட்டுக்குப் போய்விடுவோம் என்று நினைத்தேன். பின்வாசல் பூட்டியிருந்தது. திறப்பு யாரிடம் என்று கேட்க ஒருவரும் இல்லை. மண்டபத்துக்குள்ளால்தான் போக வேண்டும்.

மற்ற எல்லோரும் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள். எங்கள் சஹன் மட்டும் அப்படியே இருந்தது. ஸமீமாவும் அந்த மூன்று பேரும் காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஷஹீமாவின் இடம் காலி. அவள் திரும்பி வரவில்லை, நாலு வருஷமாக எல்லாம் தெரிந்தவள். நான் நின்றேன். ஸமீமா நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தன் உடுப்பை ஒதுக்கி எனக்கு இடம் விட்டார்.

"இருங்க," என்றார். "சோறு ஆறிட்டு."

நான் இருந்தேன். ஐந்து பேரும் சாப்பிட்டோம்.

ஸீனத்